பிள்ளைச் சாமான் பட்டியலில் பாதியை வெட்டுங்கள்

புடைவையும் பென்ஸி சாமானும் சேர்த்து வியாபாரம் செய்கின்ற நமது சகோதரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெருநாள் உடுப்பு எடுக்க வருபவர் விலை பேசுவார். கல்யாணச் சாமான் எடுக்க வருபவர் நான்கு கடை ஏறி இறங்கிய பிறகுதான் நம்மிடம் வருவார். ஆனால், பிறக்கப் போகும் முதல் பிள்ளைக்குச் சாமான் எடுக்க வருபவர் விலை பேசுவதில்லை. கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் உள்ளதை ஒவ்வொன்றாகக் கேட்பார். 'இதுவும் தேவைப்படுமே' என்று நாம் ஒரு வார்த்தை சொன்னால் அதையும் எடுப்பார்.

காரணம் இலேசானது. அனுபவம் இல்லை, பயம் இருக்கிறது. பிள்ளை விடயத்தில் காசு பார்த்தோம் என்ற பேர் வந்துவிடக் கூடாது என்ற வெட்கமும் இருக்கிறது. அதற்கு மேல் நமது ஊர்கள் பலவற்றில் முதல் பிரசவம் உம்மா வீட்டில்தான். ஆகவே அந்தப் பட்டியலோடு வருபவர் பெரும்பாலும் பிள்ளையின் தகப்பன் அல்ல, மகளைப் பெற்ற வாப்பா. கல்யாணக் கடனே இன்னும் முடிந்திருக்காது. சம்பந்தி வீட்டார் வந்து பார்க்கும்போது குறை சொல்லக் கூடாதே என்று, பட்டியலில் உள்ளதை ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு போவார். அந்த மனிதருக்கு முன்னால் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் நான் இந்த வாரம் கதைக்க விரும்பும் விடயம். நம்மில் பலர் வியாபாரிகள் மட்டுமல்ல, இதே பட்டியலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய வாப்பாமாரும்தான். எனவே வாங்குகின்ற பக்கத்திலிருந்தும் விற்கின்ற பக்கத்திலிருந்தும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னுடைய அபிப்பிராயம் இதுதான்: அந்தப் பட்டியலில் பாதியைக் கடைக்காரனே வெட்ட வேண்டும். வெட்டினால் நட்டம் வராது என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

உண்மையில் என்ன தேவை?

பிறந்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு இல்லை. தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர் கூடத் தேவையில்லை என்று கிளினிக்கில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிரசவம் அரசாங்க ஆஸ்பத்திரியில் என்றால் அதுவும் இலவசம். தடுப்பூசியும் இலவசம். மிஞ்சுவது துணியும் சுத்தமும் தூங்கும் இடமும்தான். எவ்வளவு சுற்றிப் பார்த்தாலும் இந்த மூன்றுக்குள்தான் எல்லாம் அடங்கும்.

நெப்பியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டசின் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பச்சைப் பிள்ளை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நனைக்கும். இன்றைக்கு ஒரு டசின் பாவனையில் இருக்க, நேற்றையது ஒரு டசின் கொடியில் காய வேண்டும். அதுதான் இரண்டு டசின் கணக்கு. மழை விடாத மலைநாட்டுப் பக்கம் என்றால் மூன்றாவது டசினும் வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு நாளில் துணி காயாது. வெயில் கொளுத்தும் கிழக்கு மாகாணத்தில் மூன்று டசின் எடுப்பது வீண்.

முன்பக்கம் திறக்கின்ற, நாடா வைத்த சேர்ட் ஆறு. பொத்தான் வைத்தது அழகாக இருக்கும். ஆனால் பொத்தான் கழன்றால் பிள்ளையின் வாய்க்குப் போகும். மெல்லிய துவாய் இரண்டு. தொப்பி இரண்டு. கையுறை, காலுறை இரண்டு சோடி. அவற்றை வாங்கியதும் உட்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே தொங்குகின்ற நூல் பிள்ளையின் விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். இதை வாங்குபவருக்குச் சொல்லிக் கொடுக்கும் கடைக்காரரை நான் அதிகம் கண்டதில்லை. ரப்பர் ஷீட் ஒரு மீற்றர் போதும், இரண்டாக வெட்டினால் ஒன்று கழுவும்போது மற்றது பாவனைக்கு. சவர்க்காரம் ஒன்று. ஒரு பேசின், அதைப் 'பேபி பாத்' என்று படம் ஒட்டி இரட்டிப்பு விலைக்கு விற்பதும் அதே பிளாஸ்டிக்தான்.

நுளம்பு வலையில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பேன். டெங்கு உள்ள நாடு இது, டெங்கு நுளம்பு கடிப்பதும் பகலில். கண்ணி நெருக்கமான, கம்பி தடித்த நல்ல வலையாகப் பார்த்து ஒன்று எடுத்தால் அடுத்த பிள்ளைக்கும் உதவும்.

போர்த்திச் சுற்றுவதற்குப் பலர் புதிய பிளனல் துணி நான்கைந்து எடுக்கிறார்கள். இரண்டு போதும். மற்றதற்கு வீட்டிலுள்ள பழைய பருத்திச் சாரனை வெட்டிக் கழுவி எடுத்தால், நாம் விற்கும் எந்தத் துணியையும் விட அது மெதுவாக இருக்கும். புடைவைக்கடைக்காரன் பழைய சாரனைச் சிபாரிசு செய்கிறானே என்று சிரிக்க வேண்டாம். நமது உம்மும்மாமார் செய்ததுதான் இது.

பட்டியலில் எப்போதும் இல்லாத ஒரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பிள்ளையைப் பெற்றவள். முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு, தேவையான பேட் பெக்கட்டுகள், ஒரு நல்ல சுடுதண்ணீர்ப் போத்தல், ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்ஷீட். பிள்ளைக்கு எட்டுத் தொப்பி எடுத்துவிட்டு, தாய்க்கு இவற்றில் ஒன்று கூட இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே வாசலில் இருக்கும் கடையில் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள். பட்டியலில் வெட்டிய காசில் ஒரு பங்கை இந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். வாங்குபவருக்கும் நன்மை, நமது பில்லும் அவ்வளவாகக் குறையாது.

பெம்பர்ஸ் கணக்கு

டயபர் என்று யார் கேட்கிறார்கள்? எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் பெயர் பெம்பர்ஸ்தான். இன்றைக்கு ஒரு வீட்டின் மாதச் செலவில் அரிசிக்கும் பால்மாவுக்கும் பக்கத்தில் இது வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒன்று 60 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் அதையே போட்டால் நாளைக்கு எட்டாவது போகும். 480 ரூபா. மாதத்துக்கு 14,400 ரூபா. அதையே இரவுக்கு ஒன்று, வெளியே போனால் ஒன்று என்று இரண்டோடு நிறுத்தினால் மாதத்துக்கு 3,600 ரூபா. ஒரு நெப்பி 150 ரூபா என்றால் இரண்டு டசினுக்கும் அதே 3,600 ரூபாதான், அதுவும் ஒரே தடவை கொடுப்பது. விலைகள் ஊருக்கு ஊர், கம்பனிக்குக் கம்பனி மாறும். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள், விகிதம் பெரிதாக மாறாது. மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு அந்தப் பத்தாயிரம் ரூபா வித்தியாசம் கரன்ட் பில், தண்ணீர் பில் எல்லாவற்றையும் விடப் பெரியது.

வேலைக்குப் போகும் தாய்மாருக்கும், கழுவிப் போட வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கழுவுவதும் வேலைதான், அந்த வேலையைச் செய்பவர் ஒருபோதும் நாம் அல்ல. கடைக்காரன் உபதேசம் செய்யத் தேவையில்லை. இரண்டு கணக்கையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் போதும், தீர்மானம் அவர்களுடையது.

இனி அளவு. பெக்கட்டில் வயதைப் பார்ப்பதை விட்டுக் கிலோவைப் பாருங்கள். நமது நாட்டில் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று கிலோவை ஒட்டிப் பிறக்கின்றன. முதல் சில நாட்கள் நிறை சற்றுக் குறையும், இரண்டு வாரத்தில் அதைப் பிடித்துவிடும், அதன் பின்னர் நாளைக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடும். மிகச் சிறிய அளவு பெக்கட் ஐந்து கிலோ வரைக்கும் என்று போட்டிருந்தால், இரண்டு மூன்று மாதத்துக்குள் அது உதவாமல் போகும். மூன்றரைக் கிலோவாகப் பிறந்த பிள்ளைக்கு இன்னும் முன்னதாகவே. அப்படியிருக்க, பிள்ளை பிறப்பதற்கு முன்னரே 'ஓஃபர்' என்று அந்த அளவில் ஆறு பெரிய பெக்கட் அடுக்கி வைப்பது புத்தியல்ல. சிறிய பெக்கட் ஒன்று எடுங்கள், பிள்ளையின் நிறை தெரிந்த பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். சேர்ட்டுக்கும் இதே கதைதான். பூச்சிய அளவில் நான்கு, அடுத்த அளவில் இரண்டு என்று கலந்து எடுத்தால் வீணாகாது.

இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. கம்பனிப் பிரதிநிதி இலவசமாக ராக்கை தருகிறார் என்பதற்காகக் கடையின் முன்பக்கம் முழுவதையும் பெம்பர்ஸுக்குக் கொடுத்துவிட்ட சகோதரர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாமான் இடத்தை அடைக்கும், முதலையும் அடைக்கும், கிடைப்பதோ சிறு வீதம். நெப்பியிலும் சேர்ட்டிலும் நமக்கு நிற்பது அதைவிடக் கூட. ஆகவே நெப்பியைச் சிபாரிசு செய்யும் கடைக்காரன் தியாகம் எதுவும் செய்யவில்லை, தன் கணக்கையும் சேர்த்தே பார்க்கிறான்.

கஞ்சி போட்ட நெப்பி

புறக்கோட்டையில் கெய்சர் வீதியிலும் இரண்டாம் குறுக்குத் தெருவிலும் நெப்பி டசின் கணக்கில் அடுக்கியிருக்கும். கையில் எடுத்தால் இரண்டு வகையும் ஒன்று போலத்தான் இருக்கும். விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். மலிவானது சில வேளை நல்ல தடிப்பாகவும் வெள்ளையாகவும் கூட இருக்கும். அந்தத் தடிப்பு துணியா, கஞ்சியா என்பதுதான் கேள்வி.

ஒரு மூலையை நனைத்து விரல்களுக்கிடையில் தேயுங்கள். வழுவழுப்பாக ஒட்டினால் கஞ்சி. இரண்டு கழுவலில் அது போய்விடும், மிஞ்சுவது சல்லடை. அடுத்து, துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பருத்தி உடனே குடித்துவிடும். பொலியஸ்டர் கலந்தது என்றால் சொட்டு முத்துப் போல நின்று பார்க்கும். தண்ணீரைக் குடிக்காத துணி நெப்பிக்கு எதற்கு? (ஆனால் புதுத் துணியில் மெருகு போட்டிருந்தாலும் சொட்டு நிற்கும், எனவே கழுவிய பிறகு இந்தச் சோதனையைச் செய்வதே சரி.) இன்னும் சந்தேகம் என்றால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரிவது போல எரிந்து சாம்பலாகும். பொலியஸ்டர் உருகிச் சிறு மணியாகத் திரளும். புடைவை வியாபாரத்தில் நமது மூத்தவர்கள் எல்லோரும் செய்த சோதனை இது. இப்போது கடைக்கு வரும் பொடியன்மாருக்கு பார்கோட் வாசிக்கத் தெரியும், நூல் வாசிக்கத் தெரியாது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்ட சம்பவத்தை நாம் எல்லோரும் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னதும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். கஞ்சி போட்ட நெப்பியும் அந்தக் குவியல்தான். இங்கே ஈரத்துக்குப் பதிலாகக் கஞ்சி உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனது கடையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். புதிய லொட் வந்தால் அதில் ஒரு நெப்பியை எடுத்து மூன்று தடவை கழுவிக் காய வைத்து, புதியதுக்குப் பக்கத்தில் மேசையில் போட்டுவிடுவேன். மலிவானதுக்கும் ஒன்று, விலை கூடியதுக்கும் ஒன்று. வாங்குபவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். மலிவானதை எடுப்பவர்களும் இருக்கிறார்கள், அது அவர்களின் வசதி. ஆனால் தெரிந்துகொண்டு எடுக்கிறார்கள். நமது ஆட்கள் மட்டுமல்ல, சிங்களத் தாய்மாரும் இந்தக் கழுவிய நெப்பியைப் பார்த்துவிட்டுத் தங்கள் தங்கைமாரைக் கூட்டி வருகிறார்கள். விளம்பரத்துக்கு இதைவிடக் குறைந்த செலவை நான் காணவில்லை.

எதுவாக இருந்தாலும், புதிய துணியைக் கழுவாமல் பிள்ளைக்குப் போடக் கூடாது என்பதையும் பில்லோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

செட் பெட்டியும் சூப்பிப் போத்தலும்

கண்ணாடி மூடி போட்ட 'பேபி கிஃப்ட் செட்' நமக்கெல்லாம் நல்ல இலாபம் தரும் சாமான். பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர் அவசரத்தில் வந்து கையைக் காட்டி எடுத்துப் போவது அதைத்தான். ஒரு தடவை பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதைத் தனித்தனியாக விலை போட்டுப் பாருங்கள். ஒரு மெல்லிய சேர்ட், ஒரு தொப்பி, ஒரு பிப், ஒரு கிலுகிலுப்பை, நடுவில் இடத்தை நிரப்ப ஒரு சூப்பிப் போத்தல். பெட்டிக்கும் ரிபனுக்கும் கொடுக்கும் விலையே பெரும்பங்கு.

அந்தப் போத்தல் விடயத்தில் நான் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டியிருக்கிறது. 1981ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார சபை தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளைச் சந்தைப்படுத்துவது பற்றி ஒரு சர்வதேச ஒழுக்கக்கோவையை ஏற்றுக்கொண்டது. இலங்கை 1983இல் தனக்கென்று ஒரு கோவையைக் கொண்டுவந்து, 2002இல் அதைத் திருத்தியது. நமது ஆட்கள் இது பால்மாக் கம்பனிகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. சர்வதேசக் கோவை சூப்பிப் போத்தலையும் அதன் சூப்பியையும் சேர்த்தே பேசுகிறது. சில்லறைக் கடையில் அவற்றுக்கு விசேட அலங்காரம் செய்வது, கழிவு கொடுப்பது, வேறு சாமானோடு கட்டி விற்பது எல்லாம் கூடாது என்கிறது. விற்பதைத் தடுக்கவில்லை, விற்கத் தூண்டுவதைத்தான் தடுக்கிறது. செட் பெட்டிக்குள் போத்தலைச் சேர்ப்பது கட்டி விற்பது இல்லாமல் வேறு என்ன?

சட்டத்தை விடுங்கள். அல்குர்ஆனில் சூரா அல்பகராவின் 233ஆம் வசனம் பாலூட்டும் காலத்தை இரண்டு வருடங்கள் வரை சொல்கிறது. முதல் வாரத்தில் பால் சரியாகச் சுரக்கவில்லையோ என்று பயந்துபோயிருக்கும் ஒரு இளம் தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில், அன்பளிப்பாக வந்த போத்தல் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் என்ன நடக்கும்? வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒரு தடவை கரைத்துக் கொடுத்துப் பார்ப்போமே என்பார்கள். பிள்ளை போத்தலுக்குப் பழகும், தாயிடம் குடிப்பது குறையும், குறையக் குறையச் சுரப்பதும் குறையும். அதன் பிறகு அந்த வீட்டுக்கு மாதாமாதம் பால்மாச் செலவு. அது நாம் ஒரு பெட்டிக்குள் வைத்த சிறு போத்தலில் ஆரம்பித்த செலவு.

டொக்டர் சொல்லிப் போத்தல் கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். தாய்க்குச் சுகமில்லாமல் இருக்கலாம், தாயே இல்லாமலும் இருக்கலாம். அவர்களிடம் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் போத்தலை லாச்சியில் வைத்திருக்கிறேன், கேட்டால் வரும். செட் தேவை என்பவருக்கு நமது கடையிலேயே கட்டிக் கொடுக்கிறோம். நெப்பி ஒரு டசின், சேர்ட் இரண்டு, துவாய் ஒன்று, வெள்ளைக் கடதாசியும் ஒரு நாடாவும். பெட்டி செட்டின் விலைக்குள்தான் வருகிறது.

வேறு சிலவற்றை வேகமாகச் சொல்லி முடிக்கிறேன். பவுடர் தேவையில்லை, தூள் பிள்ளையின் சுவாசத்துக்குள் போகும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஜோன்சன் கம்பனியே 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023இல் உலகம் முழுவதிலும் டெல்க் கலந்த பேபி பவுடரை நிறுத்திவிட்டு சோளமாப் பவுடருக்கு மாறியது. தலையணை தேவையில்லை, கடுகுத் தலையணையும் தேவையில்லை. பிள்ளையைத் தட்டையான, இறுக்கமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு. சில்லு வைத்த வோக்கரைக் கனடா 2004இல் விற்கவே தடைசெய்தது, படிகளில் உருண்டு விழுந்த பிள்ளைகள் அவ்வளவு. நடப்பதற்கும் அது உதவாது. மரக் கட்டில் வாங்க வேண்டாம், சொந்தத்தில் யாரிடமாவது சும்மா கிடக்கும். ஆனால் வாங்கி வருமுன் சட்டங்களுக்கிடையில் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஆறு சென்ரிமீற்றருக்குக் கூடினால் பிள்ளையின் உடல் வழுகித் தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

அன்பளிப்பை எப்படித் திருப்புவது?

பட்டியலில் பாதியை வெட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணம், மற்றப் பாதி தானாகவே வீட்டுக்கு வரப் போகிறது என்பது. ஏழாம் நாளும் நாற்பதும் முடியும்போது ஒவ்வொரு வீட்டிலும் பேபி சவர்க்காரப் பெட்டி பத்துப் பதினைந்து சேர்ந்திருக்கும். கொலோன் போத்தல் வரிசையாக நிற்கும். நெப்பி மட்டும் தட்டுப்பாடு. (நாற்பதுக்குக் கடன் வாங்கிச் சாப்பாடு போடுவது பற்றி வேறொரு நாளைக்குத்தான் எழுத வேண்டும். அகீகா வசதியுள்ளவருக்கான ஸுன்னத். கடன்பட்டுக் கொடு என்று யாரும் சொல்லவில்லை.)

இதற்கு இரண்டு வருடங்களாகக் கடைச் சீட்டு ஒன்று நடத்தி வருகிறேன். 500 ரூபாவிலும் 1,000 ரூபாவிலும் அச்சடித்த சீட்டு, அழகான என்வலப்பில். பார்க்கப் போகிறவர் அதை வாங்கிப் பிள்ளையின் கையில் வைப்பார். பிள்ளையின் வீட்டார் ஆறு மாதத்துக்குள் வந்து தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அவர்கள் வருவது மூன்றாம் மாதத்தில், அடுத்த அளவு உடுப்புக்கு. சீட்டின் பெறுமதிக்கு மேலேயும் சிறிது எடுப்பார்கள். சீட்டு விற்ற காசு அன்றைய விற்பனை அல்ல என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. சாமான் கைமாறும் வரைக்கும் அது நம்மிடம் இருக்கும் பொறுப்பு. அதை வேறு லாச்சியில், வேறு கொப்பியில் வையுங்கள். அந்தக் காசை எடுத்துப் பெருநாள் சரக்குப் போட்டுவிட்டு, சீட்டோடு வருபவரிடம் 'சாமான் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள்' என்று சொன்னால் இரண்டு குடும்பத்தின் முன்னால் பெயர் கெடும்: கொடுத்தவர் குடும்பம், வாங்கியவர் குடும்பம்.

ஐந்தாம் மாதத்திலிருந்து வாரம் வாரம் சிறு தொகை கட்டிப் பிரசவத்துக்குச் சாமான் எடுக்கும் முறையும் சில ஊர்களில் உண்டு. ஏழை வீட்டுக்கு அது நல்ல வழி, கடன் இல்லாமல் முடியும். ஆனால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. பழைய விலையை நம்பிக் காசு கட்டியவர்களுக்கும் புதிய விலைக்குச் சரக்குப் போட்ட கடைக்காரர்களுக்கும் இடையில் எத்தனை மனத்தாங்கல்! இரு பக்கத்திலும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. கட்டும் காசு என்ன என்பதை முதலிலேயே பேசவில்லை, அதுதான் காரணம்.

அது வெறும் சேமிப்பு என்றால் சாமான் எடுக்கும் நாளின் விலைதான் என்று அட்டையில் எழுதி வாயாலும் சொல்ல வேண்டும். அப்படி இல்லாமல் விலையை இன்றே முடிப்பதென்றால், ஸலம் வியாபாரத்தின் நிபந்தனைப்படி முழுக் காசையும் இன்றே வாங்கி, எந்தச் சாமான், எத்தனை, எந்தத் திகதி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு டொலர் ஏறினாலும் அது நமது தலையில்தான். பாதிக் காசுக்கு முழு விலையைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று இரண்டையும் கலப்பதுதான் சண்டைக்கு வழி. நுணுக்கமான பகுதிகளை ஊரிலுள்ள ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் வியாபாரி மட்டும்.

எண்ணிக்கை குறைகிறது

பாதிப் பில்லைத் துரத்திவிடும்படி சொல்கிறாரே இவர் என்று யோசிக்கும் சகோதரர்களுக்கு ஒரு எண்ணிக்கை. 2020இல் நமது நாட்டில் பதிவான பிறப்புகள் மூன்று இலட்சத்தைச் சற்றுத் தாண்டியிருந்தன. 2023இல் அது சுமார் இரண்டரை இலட்சம். மூன்று வருடத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அதே காலத்தில் பிள்ளைச் சாமான் விற்கும் கடைகள் எத்தனை கூடியிருக்கின்றன என்று உங்கள் ஊர்த் தெருவையே பார்த்துச் சொல்லுங்கள். சுப்பர் மார்க்கட்டிலும் ராக்கை இருக்கிறது, கையடக்கத் தொலைபேசியிலும் கடை இருக்கிறது. விலையில் அவர்களோடு நாம் போட்டி போட முடியாது.

நம்மிடம் உள்ளது ஒன்றுதான். பட்டியலோடு வந்த அந்த வாப்பாவை நமக்குத் தெரியும், அவருடைய மகளையும் தெரியும். முதல் நாளில் முப்பதாயிரம் ரூபாவுக்குப் பில் போட்டால் வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்க்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் கணக்குப் பார்ப்பார்கள். பாவிக்காத சாமான் அலுமாரியில் கிடந்து ஒவ்வொரு நாளும் நமது கடையின் பெயரைச் சொல்லும். பதினையாயிரத்தோடு அனுப்பி, 'மிச்சத்தைப் பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள் ஹாஜியார்' என்று சொன்னால், நாற்பதுக்கும் அவர் நம்மிடம் வருவார், பல் முளைக்கும்போதும் வருவார், பள்ளிக்கூடச் சப்பாத்துக்கும் வருவார்.

மாற்றிக் கொடுப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். லேபல் கழற்றாத உடுப்பு, உடைக்காத பெக்கட் எதுவாக இருந்தாலும், பிறந்து நாற்பது நாளுக்குள் கொண்டுவந்தால் அடுத்த அளவுக்கு மாற்றிக் கொடுக்கிறோம். எங்கள் பில் இருந்தால் போதும். இதனால் கடை மூழ்கிவிடும் என்று ஆரம்பத்தில் பங்காளி ஒருவர் சொன்னார். நடந்தது என்னவென்றால், மாற்ற வருபவர் வெறுமனே மாற்றிக்கொண்டு போவதில்லை. திரும்பி வரும் சிறிய அளவு பெம்பர்ஸ் பெக்கட்டுகளை உடைத்து ஒரு கூடையில் போட்டு ஒன்று இரண்டாக விற்கிறோம். ஆஸ்பத்திரிக்கு அவசரமாக ஓடுபவர்களும், நாட்கூலிக்குப் போகும் வீட்டாரும் அந்தக் கூடையைத் தேடித்தான் வருகிறார்கள். முழுப் பெக்கட் வாங்கக் காசு இல்லாதவருக்கு அன்றிரவுக்கு இரண்டு கிடைத்தால் போதும். பெக்கட்டில் ஒன்று என்ன விலைக்கு விழுகிறதோ அதே விலைதான் கூடையிலும், சில்லறை என்று கூட்டி எடுப்பதில்லை.